ஹைப்ரிட் டிரிஃப்ட் போட் வாங்கலாமா? வில்சன், ட்ராஸ்க் ஆறுகளுக்கு மோட்டார் வெச்ச போட்

அமெரிக்காவுல ஆரிகன் மாநிலம், ஹில்ஸ்போரோல இருக்கற ஒரு தம்பியோட கேள்வி, ஜனவரி 14:

"அண்ணா, மூணு சீசனா வில்சன் ஆத்துக் கரையில நின்னே ஸ்டீல்ஹெட்டுக்கு (கடலுக்குப் போய் ஆத்துக்குத் திரும்பற ட்ரௌட் மீன்) தூண்டில் போடறேன். இந்த வருஷம் போட் வாங்கியே தீரணும். ஹைப்ரிட் டிரிஃப்ட் போட்ல துடுப்பும் போடலாம் மோட்டாரும் ஓட்டலாம், ஒரே போட்ல எல்லா ஆறும் முடிஞ்சிடும்ங்கறாங்க. அப்படின்னா சாதா டிரிஃப்ட் போட்டை ஏன் வாங்கணும்? தண்ணியைப் பீச்சித் தள்ற ஒரு 60 ஹெச்பி ஜெட் மோட்டார் மாட்டினா எதிர் ஓட்டத்துலயே ஏறி வந்துடலாம்ல? வீட்ல நாலு பேரு, பசங்களுக்கு வயசு 6, 9."

ஜன 14, ராத்திரி

தம்பி, முதல்ல அந்தப் பேரு. கார்ல ஹைப்ரிட்னா பெட்ரோலும் பேட்டரியும். போட்ல அந்த அர்த்தம் இல்ல, டிரிஃப்ட் போட்டோட அடிப்பாகமும் மோட்டார் போட்டோட அடிப்பாகமும் கலந்து செஞ்சதுன்னு அர்த்தம். பழைய ஆளுங்க பவர் டிரிஃப்டர்னு சொல்வாங்க. அந்தக் கலப்புல எது எவ்வளவுங்கறதுதான் முதல் கேள்வி, எத்தனை ஹெச்பிங்கறதெல்லாம் அப்புறம்.

சாதா டிரிஃப்ட் போட்டை ட்ரெயிலர்ல வெச்சு பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க. அடி தட்டையா இருக்கும், ஆனா நீளவாக்குல குழந்தைங்க ஆடற மரக்குதிரையோட கட்டை மாதிரி ரெண்டு முனையும் மேல வளைஞ்சிருக்கும். இதைத்தான் ராக்கர்ங்கறாங்க. தண்ணியில நடுப்பகுதிதான் உக்காரும், முனை ரெண்டும் தண்ணியைத் தொட்டும் தொடாம நிக்கும், அதனாலதான் ஒரு துடுப்பை மட்டும் இழுத்தா நின்ன எடத்துலயே சுத்தும். துடுப்பு போடறவர் ஆறு போற பக்கம் பாத்து உக்காந்து, பின்னாடி இழுத்து இழுத்து, ஓட்டத்தை விட மெதுவா போட்டை இறக்குவார். பாறை வந்தா மூக்கை பாறைப் பக்கம் திருப்பிட்டு அதுலேந்து விலகற மாதிரி இழுப்பார். ஆத்தை முந்தற வேலையே இதுல கிடையாது, ஆத்தை முன்னாடி அனுப்பிட்டு நாம பின்தங்கறதுதான் வித்தை.

அந்த வளைஞ்ச வால்ல மோட்டாரை மாட்டி முடுக்கினா வால் அமுங்கும், மூக்கு மேல தூக்கும். தண்ணியைத் தள்ளிக்கிட்டு போற எந்தப் போட்டுக்கும் ஒரு உச்ச வேகம் உண்டு. நீளத்தை அடிக் கணக்குல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்கினா நாட் கணக்குல வரும். 16 அடிக்கு 5.4 நாட், மணிக்கு 6 மைல் சொச்சம். அதுக்கு மேல 40 மாட்டினாலும் 60 மாட்டினாலும் அலைதான் பெருசாகும். வேகம் வேணும்னா போட் தண்ணி மேல ஏறி வழுக்கணும், அதுக்குப் பின்பக்க அடி நேரா அகலமா இருக்கணும். ஹைப்ரிட்ல செய்யறது அதுதான், முன்பாதி வளைவை விட்டுட்டு பின்பாதியை நேராக்கறாங்க. நேராக்கின அளவுக்குத் துடுப்புல கனம் ஏறும்.

என் அபிப்பிராயம் இன்னிக்கு: 16 அடி நீளம், அடிப்பாகம் 54 இஞ்ச் அகலம், சாதா டிரிஃப்ட் போட். கூட ஒரு சின்ன 6 ஹெச்பி கிக்கர், அதாவது துணை மோட்டார். ஹைப்ரிட் வேண்டாம்.

ஜன 15

நேத்து போட்ட கணக்குல தப்பு. போட்டோட மொத்த நீளத்தைப் போட்டுட்டேன், தண்ணியைத் தொடற நீளத்தைத்தான் எடுக்கணும். ராக்கர் இருக்கறதால 16 அடி போட்ல தண்ணியைத் தொடறது 12 அடி பக்கம்தான் இருக்கும். அப்போ 4.6 நாட், மணிக்கு 5.3 மைல். ஓட்டமே மணிக்கு 4, 5 மைல்ல வர்ற எடத்துல இந்த வேகத்தை வெச்சுக்கிட்டு எங்க ஏறறது? நேத்து சொன்னதுக்கு இது இன்னும் பலம்தான் சேக்குது.

ஜன 17

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, என் முதல் போட் அப்படித்தான் போச்சு. பழைய அலுமினிய டிரிஃப்ட் போட், துடுப்புக்குன்னே செஞ்சது, வால் குறுகலா இருக்கும். யாரோ பின்னாடி ஒரு பிராக்கெட் வெல்ட் பண்ணி 9.9 ஹெச்பி மாட்டியிருந்தாங்க. வித்தவர் இது தாராளமா தாங்கும், அஞ்சு வருஷம் ஓட்டினேன்னார். போட்ல கொள்ளளவுத் தகடு இருக்கான்னு நான் பாக்கல. மோட்டாருக்குன்னு செஞ்ச 20 அடிக்குக் குறைஞ்ச போட்னா எத்தனை பேர், எத்தனை பவுண்டு, அதிகபட்சம் எத்தனை ஹெச்பின்னு கோஸ்ட் கார்ட் (கடலோரக் காவல்படை) விதிப்படி தகடு அடிச்சிருப்பாங்க. இதுல ஒண்ணுமே இல்ல. அது இல்லேங்கறதே ஒரு பதில்தான், எனக்கு அன்னிக்குப் புரியல.

அக்டோபர் மாசம், ட்ராஸ்க் ஆத்தோட கழிமுகப் பக்கம், சினூக் சால்மன் ஏர்ற நேரம். கடல் வத்தி தண்ணி வெளிய ஓடிக்கிட்டிருக்கு, மத்தியானத்துக்கு மேல கடல் பக்கத்துலேந்து காத்து எதிர்ல ஏறிச்சு. ஓட்டம் ஒரு பக்கம் காத்து ஒரு பக்கம்னா அலை கிட்டக் கிட்ட, செங்குத்தா எழும்பும். நான் வால்ல உக்காந்து மோட்டார் பிடிக்கறேன். என் எடை, மோட்டார் ஒரு 40 கிலோ, வால்ல தொங்கற நங்கூரம் 14 கிலோ, பேட்டரி, எல்லாம் அந்தக் குறுகின வால்லயே. நண்பர் முன்னாடி இருந்தார். பக்கத்துல ஒரு போட் மீனோட போராடிக்கிட்டிருந்தது, வழி விடணுமேன்னு சட்டுனு த்ராட்டிலை மூடினேன். போட் நின்னுடுச்சு, ஆனா நாங்க கிளப்பின அலை நிக்கல. பின்னாடியே வந்து வாலுக்கு மேல ஏறி உள்ள எறங்கிச்சு. சத்தமே இல்ல, பானை சாயற மாதிரி. ஒரு நொடியில பூட்ஸ் ரெண்டும் ரொம்பிடுச்சு, மீன் முட்டை வெச்சிருந்த டப்பா என் முழங்கால் கிட்ட மிதக்குது. இன்னொரு அலை வந்திருந்தா அவ்வளவுதான். நண்பரை அசையாதீங்கன்னு கத்திட்டு நான் நடுவுக்குத் தாவினேன், வால் தூக்கிக்கிச்சு. அறுத்த பால் கேன் ஒண்ணு வெச்சிருந்தோம், அதாலதான் இறைச்சோம். கை விறைச்சுப்போய் கேனைப் பிடிக்கவே முடியல, அக்டோபர்லயே அந்தத் தண்ணி அப்படி இருக்கும்.

அதுலேந்து மூணு பழக்கம். த்ராட்டிலை ஒரேயடியா மூட மாட்டேன், படிப்படியா இறக்குவேன். பேட்டரியும் ஐஸ் பெட்டியும் மூக்குப் பக்கம் போயிடுச்சு. நங்கூரத்தை மோட்டார் ஓடறப்போ வால்ல தொங்கவிடறதே இல்ல, உள்ள எடுத்து வெச்சுடுவேன், கயிறு அவிழ்ந்து ப்ரொப்பல்லர்ல சுத்திக்கிட்டா மோட்டாரும் நின்னுடும், நங்கூரமும் விழுந்து வாலைக் கீழ இழுக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல.

ஜன 18

ஒருத்தர் கேட்டிருக்கார், டிரிஃப்ட் போட்ல மோட்டார் மாட்டறதே தப்பான்னு. இல்லங்க, அந்த ஆசை அந்தப் போட் அளவுக்குப் பழசு.

இந்த வடிவம் பொறந்தது நம்ம ஆரிகன்லதான், மெக்கென்ஸி ஆத்துல. ஸ்பிரிங்ஃபீல்டுல போட் செஞ்ச உடி ஹின்ட்மன் 1930கள் கடைசியில ரெண்டு பக்கமும் கூரா இருக்கற போட்டை உருவாக்கினார், பெரிய அலையில எந்தப் பக்கம் திரும்பினாலும் வெட்டிக்கிட்டு போகும்னு. அப்புறம் ஒரு கூரை வெட்டிட்டு அங்க சின்னப் பலகை வெச்சாங்க, சின்ன மோட்டாரும் நங்கூரமும் மாட்டத்தான். இன்னிக்கு நாம டிரிஃப்ட் போட்னு பாக்கறது அந்த வெட்டுப்பட்ட வடிவம்தான்.

தெற்கால ரோக் ஆத்துல க்ளென் உல்ட்ரிட்ஜ் 1915ல கிராண்ட்ஸ் பாஸ்லேந்து கோல்ட் பீச் வரைக்கும், கடல் வரைக்கும், போட்ல இறங்கினார். இறங்கினது சரி, ஏறணுமே? 1947ல அதே மனுஷன் அவுட்போர்ட் மோட்டார் வெச்சு கோல்ட் பீச்லேந்து மேல ஏறி வந்தார். நடுவுல 32 வருஷம். ப்ளாசம் பார்னு பாறை நிறைஞ்ச ஒரு வேக ஓட்டம், அங்க பாறையை வெடி வெச்சு வழி பண்ணினதும் அவர்தான். அதே ஆறு 1968ல காட்டாறுகள் பாதுகாப்புச் சட்டத்துல முதல் எட்டு ஆறுகள்ல ஒண்ணாச்சு, இப்போ கோல்ட் பீச்லேந்து வர்ற ஜெட் போட் சுற்றுலா ப்ளாசம் பார் அடியோட திரும்பிடும், அதுக்கு மேல இறங்கறவங்களுக்கு மே 15லேந்து அக்டோபர் 15 வரைக்கும் குலுக்கல்ல பெர்மிட்.

எனக்குச் சொந்த ஊரு பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல்ல பரிசல்காரர் ஆளுங்களைக் கீழ இறக்கிட்டு, பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு பாறை மேல நடந்து மேல போவார். சின்ன வயசுல பின்னாடியிருந்து பாத்தா பெரிய ஆமை ஒண்ணு ரெண்டு கால்ல போற மாதிரி இருக்கும். ஆத்தோட இறங்கறது ஆறு தர்ற இனாம், திரும்பி வர்றதுதான் செலவு. இங்க தலையில சுமக்க முடியாது, அதனால கீழ் ராம்ப்ல (போட்டை எறக்கி ஏத்தற சரிவு) இன்னொரு வண்டியை விட்டுட்டு வர்றோம், இல்ல நம்ம வண்டியைக் கீழ கொண்டுபோய் விடற ஷட்டில்காரருக்குக் காசு குடுக்கறோம். ஹைப்ரிட் மேல எல்லாருக்கும் ஆசை வர்றதே அந்த ஷட்டிலுக்காகத்தான்.

ஜன 21

எலக்ட்ரிக் பத்தி. 55 பவுண்டு தள்ளுவிசை ட்ரோலிங் மோட்டார் 12 வோல்ட்ல முழு வேகத்துல 50 ஆம்ப் பக்கம் இழுக்கும். 100 ஆம்ப்-ஹவர் பேட்டரின்னா 2 மணி நேரம். லித்தியம்னா பேட்டரி 12 கிலோ பக்கம், பழைய லெட்-ஆசிட்னா 28, 30 கிலோ, டிரிஃப்ட் போட்ல அந்த வித்தியாசம் பெருசு. டோர்கீடோ ட்ராவல் 1103 மாதிரி எலக்ட்ரிக் அவுட்போர்ட்ல பேட்டரி 915 வாட்-ஹவர், மோட்டார் 1100 வாட், முழுசா முடுக்கினா 50 நிமிஷத்துல காலி. பாதி வேகத்துல ரொம்ப நேரம் வரும், அது உண்மை.

எலக்ட்ரிக் ஆத்துல ஏர்றதுக்கு ஆகாது. ஆனா தண்ணி அசையாம நிக்கற கழிமுகத்துல, ஜிபிஎஸ் வெச்சு ஒரே எடத்துல நிறுத்தற வசதியோட, நங்கூரமே போடாம சினூக்குக்கு நிக்கலாம். சத்தம் கிடையாது. என் 16 அடியில நான் இதை ஒரு சீசன் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன், காத்து இல்லாத நாள்ல சொர்க்கம், காத்து அடிச்சா ஒரு மணி நேரத்துல பேட்டரி கண்ணை மூடிடும். எலக்ட்ரிக்குன்னா ரிஜிஸ்ட்ரேஷனும் தேவையில்ல, அது ஒரு லாபம்.

ஜன 22

மேல கடைசி வரி தப்பு, யாரும் அதை நம்பிப் போகாதீங்க. ஆரிகன்ல எந்த மோட்டார் மாட்டினாலும், எலக்ட்ரிக் ஆனாலும், டைட்டிலும் ரிஜிஸ்ட்ரேஷனும் வேணும். 10 ஹெச்பிக்கு மேல ஓட்டறவங்களுக்குப் படகோட்டிப் பரிட்சை அட்டையும் வேணும். 9.9 வாங்கி அட்டையைத் தவிர்க்கலாம்னு நினைக்காதீங்க தம்பி, ஒரு சனிக்கிழமை காலையில உக்காந்தா முடிஞ்சிடும், அதுல சொல்லித் தர்றது உங்க பசங்களுக்காகவாவது தெரிஞ்சிருக்கணும்.

இன்னொண்ணு, வாங்கறதுக்கு முன்னாடியே நீங்க போற ஒவ்வொரு ஆத்துக்கும் மெரைன் போர்ட் (மாநிலப் படகு வாரியம்) விதியைப் படிங்க. மோட்டாரே கூடாதுன்ற பகுதிகள் நிறைய. டெஷூட்ஸ் ஆத்தோட கீழ்ப்பகுதியில பெரும்பாலான தூரத்துக்குப் போட்ல இருந்தபடி தூண்டில் போடறதே கூடாது, எறங்கி நின்னுதான் போடணும், அங்க எந்தப் போட்டும் டவுன் பஸ்தான், ஏறலாம் எறங்கலாம்.

பிப் 11

நேத்து ஒரு நண்பரோட வாஷிங்டன் பக்கம் கௌலிட்ஸ் ஆத்துக்குப் போனேன், ப்ளூ க்ரீக் ராம்ப். அவர்கிட்ட 17 அடி ஹைப்ரிட், 60/40 ஜெட். அந்த 60/40ன்றது என்னன்னா, எஞ்சின் 60 ஹெச்பி, ஜெட் பம்ப் வழியா வெளிய வர்றது 40. ப்ரொப்பல்லருக்குப் பதில் ஜெட் மாட்டினாலே மூணுல ஒரு பங்கு பலம் போயிடும். தம்பி கேட்ட "60 ஹெச்பி ஜெட்" கைக்கு வர்றப்போ 40தான்.

இப்போ உண்மையைச் சொல்லணும். ஜன 14ல ஹைப்ரிட் வேண்டாம்னு ஒரே வரியில அடிச்சேனே, அதை நேத்து பாதி வாபஸ் வாங்கிட்டேன். ஒரு நல்ல மடுவுல இறங்கினோம், மீன் இழுத்தது, விட்டுடுச்சு. என் போட்னா அதோட சரி, அந்த மடு அன்னிக்கு முடிஞ்ச கதை. இவர் மோட்டாரைத் தட்டினார், மேல ஏறினோம், மறுபடி இறங்கினோம். நாலு தடவை. நாலாவது தடவை ஹாச்சரியில (குஞ்சு பொரிக்கற பண்ணை) வளத்து விட்ட ஸ்டீல்ஹெட் ஒண்ணு, அடையாளத்துக்கு முதுகுல வால் பக்கம் இருக்கற சின்னக் கொழுப்புத் துடுப்பை (அடிபோஸ் ஃபின்) வெட்டினது, அதனால வீட்டுக்கு எடுத்துக்கலாம். சாயங்காலம் போட் எறக்கின அதே ராம்ப்ல ஏத்தினோம். ஷட்டில் இல்ல, இருட்டுல ஈரத் துணியோட இன்னொரு வண்டியைத் தேடிப் போற வேலை இல்ல. 15 வருஷமா துடுப்பு போடறவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம்னு சொல்லித் தெரியவேண்டியதில்ல. மீன் குழம்பு மறுநாள், புளி கொஞ்சம் தூக்கலா.

ஆனா நடுவுல ஒரு மணி நேரம் துடுப்பை நான் வாங்கினேன். என் 16 அடி போட் 6 இழுப்புல நிக்கற ஓட்டத்துல இது பத்து இழுத்தும் நழுவிக்கிட்டேதான் போச்சு. ஏன்னு உக்காந்தபடியே திரும்பிப் பாத்தப்போதான் விளங்கிச்சு. டிரிஃப்ட் போட்ல வால்தான் ஆறு வர்ற பக்கம் பாத்திருக்கும். சாதா போட்ல குறுகின, மேல தூக்கின வால், தண்ணி அடியில நுழைஞ்சு போயிடும். ஹைப்ரிட்ல அகலமான சதுர வால், மோட்டார் எடையில இன்னும் ரெண்டு மூணு இஞ்ச் அமுங்கி, வர்ற தண்ணியை நெஞ்சால தடுத்து நிக்குது. பலகைக்குப் பின்னாடி தண்ணி குவிஞ்சு ஒரு சின்ன மேடா நிக்கறதைக் கண்ணால பாத்தேன். அந்த மேட்டைத்தான் நீங்க ஒவ்வொரு இழுப்புலயும் இழுக்கறீங்க.

அதனால கடையில போய் போட்டைத் தட்டிப் பாத்து வாங்காதீங்க. மோட்டாரைத் தூக்கி வெச்ச நிலையில, பெட்ரோல் டேங்க் ரொம்பி இருக்கறப்போ, ரெண்டு ஆளோட, ஓடற ஆத்துல ஒரு மணி நேரம் துடுப்பு போட்டுப் பாத்துட்டுத்தான் பணத்தைப் பத்திப் பேசணும். குளத்துல போட்டுப் பாக்கறது கணக்குல சேராது.

பிப் 12

ஜெட் நாலு இஞ்ச் தண்ணியில போகும்ங்கறாங்களே, அது பத்தி ஒரு வார்த்தை. போகும், வேகமா வழுக்கிக்கிட்டு இருக்கறப்போ. முந்தாநாள் ஒரு சரளை மேட்டுல முன்னாடி வேற போட் குறுக்க வரவும் இவர் வேகம் குறைச்சார், குறைச்ச நொடியே போட் தண்ணியில உக்காந்துடுச்சு, ஜெட்டோட வாய் சரளையைக் குடிச்சிடுச்சு. எஞ்சின் சத்தம் மட்டும் கிறீச்னு ஏறுது, போட் நகரல. ஜல்லடைக் கம்பியில கூழாங்கல் மாட்டியிருக்கு. மோட்டாரை நிறுத்தி, தூக்கி, கைவிட்டுப் பிடுங்கணும். அதுவரைக்கும் யாரு போட்டைப் பாத்துக்கறது? கீழ ஒரு நூறு கஜத்துல ஆத்துக்குள்ள சாஞ்ச மரம். துடுப்பு கொண்டியில மாட்டினபடியே இருந்ததால நான் உக்காந்து இழுத்தேன், அவர் கல்லை எடுத்தார். சாஞ்ச மரம் பாறையை விட மோசம். பாறை போட்டை ஒதுக்கித் தள்ளும், மரம் தண்ணியை மட்டும் வடிகட்டி விட்டுட்டு போட்டையும் ஆளையும் பிடிச்சு வெச்சுக்கும்.

ஜெட் ஓடறப்போ துடுப்பை உள்ள எடுத்து அடுக்கி வெக்கறவங்களைப் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு வெக்காதீங்க.

மார்ச் 3

தம்பி மறுபடி எழுதியிருக்கார், பசங்களைக் கூட்டிட்டுப் போறதைப் பத்தி.

ஆரிகன்ல 12 வயசும் அதுக்குக் கீழயும் இருக்கற பசங்க போட் போய்க்கிட்டிருக்கறப்போ லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், சட்டம். நீங்களும் போடுங்க, பசங்க அப்பாவைப் பாத்துத்தான் செய்யும். மோட்டார் ஓட்டறப்போ கில் ஸ்விட்ச் கயிறு (ஓட்டறவர் விழுந்தா எஞ்சினை நிறுத்தறது): 26 அடிக்குக் குறைஞ்ச, 3 ஹெச்பியும் அதுக்கு மேலயும் இருக்கற போட்ல 2021 ஏப்ரல் 1லேந்து வேகமாப் போறப்போ அதை மாட்டிக்கறது நாடு முழுக்கக் கட்டாயம். டிரிஃப்ட் போட்ல பக்கச் சுவர் முழங்கால் உயரம்தான், டில்லர் (மோட்டாரைத் திருப்பற கைப்பிடி) பிடிச்சு நிக்கறவன் ஒரு பாறைத் தட்டுல வெளிய போயிடுவான், அப்புறம் ரெண்டு பசங்களோட போட் தானே ஓடிக்கிட்டிருக்கும். யோசிச்சாலே வயித்தைப் பிசையுது.

எடை எங்க போகும்னு இப்போவே ஒரு தாள்ல வரைஞ்சு பாருங்க. துடுப்பு போடறப்போ நீங்க நடுவுல, மோட்டார் ஓட்டறப்போ வால்ல. நீங்க எழுந்து பின்னாடி போனதும் 75, 80 கிலோ இடம் மாறுது. டில்லர்ல நீட்டுக்குழாய் ஒண்ணு மாட்டினா நடுவுக்குக் கிட்டவே நின்னு ஓட்டலாம், சின்னச் செலவு, பெரிய வித்தியாசம். பசங்களை மூக்குப் பக்கம் உக்கார வெச்சா எடைக்கு நல்லது, ஆனா அலை அடிக்கறதும் அங்கதான்.

நாலு பேருக்கு 16 அடி நீளம் 54 இஞ்ச் அகலம் பத்தாது, 17 அடி நீளம் 60 இஞ்ச் அகலம் பாருங்க. ஜன 14ல நான் சொன்ன அளவு ரெண்டு பேருக்குத்தான் சரி, வீட்ல நாலு பேருன்னு நீங்க முதல்லயே எழுதியிருந்தீங்க, நான்தான் கவனிக்கல.

அலுமினியமா ஃபைபரான்னும் கேட்டிருக்கீங்க. யூஜீன்ல காஃப்லர் அலுமினியம் செய்யறாங்க, க்ளாக்கமஸ்ல க்ளாக்காக்ராஃப்ட் ஃபைபர், ரெண்டும் ஒரு நாள்ல போய்ப் பாத்துட்டு வர்ற தூரம். அலுமினியம் அடி தாங்கும், ஆனா பாறையில உரசினா ஒட்டிக்கிட்டு நிக்கும், அடியில எபாக்ஸிப் பூச்சு அடிச்சா வழுக்கும். குளிர்காலத்துல அலுமினியத் தரையில கால் வெச்சா எலும்பு வரைக்கும் ஏறும், ரப்பர் விரிப்பு போடுங்க. ஃபைபர் தானே வழுக்கும், சத்தம் குறைவு, கூரான பாறை மேல பலமா விழுந்தா கீறும், ஆனா வீட்லயே ஒட்டலாம். மோட்டார் பலமா மாட்டணும்னா நான் அலுமினியம் பக்கம். இது என் ருசி, சண்டைக்கு வராதீங்க.

அக் 19

இடையில எழுதவே இல்ல, வேலை. நேத்து ட்ராஸ்க்ல இருந்தேன், அதே கழிமுகம், அதே மாசம். தம்பியும் வந்திருந்தார். அவர் ரெண்டு ஹைப்ரிட்டை ஓட்டிப் பாக்க ஏற்பாடு பண்ணியிருந்தார், ஒண்ணு ஜெட், ஒண்ணு 20 ஹெச்பி ப்ரொப்பல்லர். ரெண்டுலயும் நானும் ஏறினேன்.

காலையில மேல்பகுதியில எறக்கினோம். வில்சன் ஆத்து நீர்மட்ட அளவுமானி 4லேந்து 5.5 அடிக்குள்ள இருந்தா நான் வில்சனுக்குப் போவேன், நேத்து அதுக்குக் கீழ, அதனாலதான் ட்ராஸ்க். அங்கயும் தண்ணி கம்மிதான். இந்தக் கடலோர ஆறுகள்ல மேல்பகுதி குறுகல், பாறை, வளைவு. அங்க எதிர்ல ஏர்றதுன்ற பேச்சே இல்ல, ஏறினா கரையில நிக்கறவங்க தூண்டிலையெல்லாம் அறுத்துக்கிட்டுதான் ஏறணும். அங்க துடுப்புதான் எஞ்சின். ஜெட் போட் அங்க வெறும் சுமை, 100 கிலோவுக்கு மேல ஒரு இரும்பை வால்ல கட்டிக்கிட்டு இறங்கின மாதிரி. போதாததுக்கு ஆல்டர் மரம் இலை கொட்டற நேரம், கழிமுகத்துல வந்து ஜெட்டைப் போட்டா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஜல்லடை அடைக்குது. ஈர இலை ஒண்ணு மேல ஒண்ணு அப்பளம் மாதிரி ஒட்டிக்கிட்டு, நகத்தால சுரண்டித்தான் எடுக்கணும்.

20 ஹெச்பி ப்ரொப்பல்லர் போட் வேற மாதிரி. பின்பாதி வளைவை முழுக்க எடுக்காம பாதிதான் நேராக்கியிருந்தாங்க. துடுப்புல என் போட்டை விடக் கனம்தான், ஆனா நின்னுச்சு, ஏழு எட்டு இழுப்புல நின்னுச்சு. கழிமுகத்துக்கு வந்து கடல் ஏத்தம் எதிர்க்க ஆரம்பிச்சதும் மோட்டாரை எறக்கினோம், ரெண்டு பேரோட போட் மேல ஏறி வழுக்குது. மத்தியானம் அதே கடல்காத்து வந்தது. நான் வேணும்னே த்ராட்டிலைச் சட்டுனு மூடச் சொன்னேன். பின்னாடி அலை வந்தது, பின்பலகையில மோதிச்சு, மேல் விளிம்புக்கு ரெண்டு கை அகலம் கீழயே நின்னுடுச்சு. ரொம்ப நேரம் அந்தப் பலகையையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதனால ஜன 14ல எழுதினதை இப்படி மாத்திக்கறேன். மேல்பகுதி மட்டும் மீன் பிடிக்கறவருக்கு இன்னும் சாதா டிரிஃப்ட் போட்தான். கௌலிட்ஸ் மாதிரி அகலமான, தண்ணி நிறைய இருக்கற ஆறுதான் உங்க ஆறுன்னா ஜெட் வெச்ச ஹைப்ரிட். டில்லமூக் விரிகுடாவுல வந்து விழற அஞ்சு ஆறும், அதாவது மியாமி, கில்ச்சிஸ், வில்சன், ட்ராஸ்க், டில்லமூக், இதுங்கதான் உங்க வீட்டு ஆறுன்னா, காலையில துடுப்புல இறங்கி சாயங்காலம் கழிமுகத்துல நிக்கணும்னா, ப்ரொப்பல்லர் வெச்ச பாதி ஹைப்ரிட். தம்பிக்கு இந்த மூணாவதுதான் பொருந்தும்.

அந்த அஞ்சும் சேந்த விரிகுடாவுல ஓட்டலாம், நல்ல நாள்ல, கரையோரமா. விரிகுடா வாய்க்கு, கடல் முகத்துக்கு, இந்தப் போட் எதுவும் போகக் கூடாது. மீன் அங்கதான் இருக்குன்னு யார் சொன்னாலும் போகாதீங்க.

அக் 20

உப்புத் தண்ணியில ஓட்டினீங்கள்ல, அன்னிக்கு ராத்திரியே நல்ல தண்ணி விட்டு மோட்டாரை அலசினீங்களா தம்பி? பதில் வரல. இன்னிக்காவது பண்ணுங்க. ஆனோடுன்னு ஒரு துத்தநாகக் கட்டி அடியில இருக்கும், அது பாதி கரைஞ்சிருந்தா மாத்தணும்.

அக் 23

வாங்கப் போறேன்னு எழுதியிருக்கார், ரொம்ப சந்தோஷம். மோட்டார் தனியா வேற எடத்துல வாங்கறாராம். அப்படின்னா ட்ரான்ஸம் (மோட்டார் மாட்டற பின்பலகை) உயரத்தை அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க, பலகை மேல் விளிம்புலேந்து அடி வரைக்கும் டேப் வெச்சு, நடுவுல அளக்கணும், ஓரத்துல இல்ல. 15 இஞ்ச் பக்கம் வந்தா ஷார்ட் ஷாஃப்ட் (கால் குட்டையான மோட்டார்), 20 வந்தா லாங். 15 பலகையில 20 மாட்டினா முதல் சரளை மேட்டுலயே தட்டும். அளந்து இங்க எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன்.